எப்பப் போவுதுன்னு கேளு மாப்ள!

கம்ப்யூட்டர்ல படம் வரலீன்னா மொதக் காரியமா என்ன பண்ணோணும் தெரியுமா மாப்ள? ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு சித்தெ நேரம் சும்மா உக்காரோணும். நீங்க எங்க உக்கார்றீங்க? மானிட்டர் மண்டையில ஒரு தட்டு. பொறகு பின்னால கைய உட்டு, எது எங்க போவுதுன்னு பாக்காம அத்தனை ஒயரையும் உருவறது. அப்பவும் வரலீன்னா டவுன் மெக்கானிக்குக்கு போனு. அவரு போன்லயே கண்டுபுடிச்சிருவாரு, "மதர்போர்டு போச்சுங்க"ன்னு. பொட்டியக் கண்ணுல பாக்காமயே உள்ள எது போச்சுன்னு சொல்ற அருள்வாக்கு முந்தியெல்லாம் குறி சொல்றவங்களுக்குத்தான் இருந்துச்சு. இப்ப அந்தத் தொழிலை இவங்க எடுத்துக்கிட்டாங்க. காணிக்கைதான் எச்சு.

'இந்த மாமனுக்கு கம்ப்யூட்டரப் பத்தி என்ன தெரியும்'னு வாய்க்குள்ள சிரிக்கற. சிரி, சிரி. நான் வெள்ளகோவில்ல மோட்டாருக்குக் காயில் சுத்திப் பொழச்சவன்தான். ஆனா கரண்டு இருக்குது பாரு, அது பி.இ. படிச்ச கையா, கைநாட்டுக் கையான்னு பாத்து அடிக்கறதில்ல. இன்னொண்ணு, என்ற பேரன் ஐடிஐ-ல ஹார்டுவேர் படிச்சப்ப அவன் புஸ்தகத்தைப் பூராவும் நான்தான் படிச்சேன். அவன் செல்போனைப் படிச்சான். சர்டிபிகேட்டு அவன் பேர்ல வந்துருச்சு, அது வேற கதை.

உன்ற கடையில இருக்கறது 2009-ல அசெம்பிள் பண்ணுன பொட்டி. கோர் டூ டுவோ பிராசசரு, ஜி31 போர்டு, டிடிஆர்2 ரேமு, பின்னால நீலக் கலர்ல விஜிஏ கேபிளு. அதுல பட்டா சிட்டா எடுத்தே, ஈபி பில்லு கட்டுனே, ஊர்ல பாதிப் பேரோட கல்யாணப் பத்திரிகைய அடிச்சே. இத்தனை வருசம் சம்பாரிச்சுக் குடுத்த பொட்டி ஒரு நாள் மூஞ்சியக் காட்ட மாட்டேங்குதுன்னா, உடனே அதைய எடைக்குப் போடலாமான்னு கேக்கற. உன்ற மனசு அப்பிடி.

சரி, நோவுக்கு வருவோம். படம் போவுது, வருது, மறுக்காப் போவுது. ஒரேடியாச் செத்த மோட்டார சரி பண்றது சுளுவு மாப்ள. வந்து வந்து போற நோவுதான் மெக்கானிக்க அழ வெக்கும். கடைக்குத் தூக்கிட்டுப் போனா அங்க நல்லா ஓடும், ஊட்டுக்குக் கொண்டாந்தா அணையும். மாட்டு டாக்டரு வந்தா மொதல்ல என்ன கேப்பாரு? எப்ப இருந்து தீனி எடுக்கலீன்னுதானே? என்ன சீக்குன்னு மாட்டுக்காரனையே கேப்பாரா? நீயும் "என்ன போச்சு"ன்னு கேக்காத. "எப்பப் போவுது"ன்னு கேளு. பழைய பொட்டியோட பாதி நோவு அந்த ஒத்தக் கேள்வியிலயே வெளிய வந்துரும்.

செவுத்துல தொங்குது பாரு தினசரிக் காலண்டரு, அதுல கிழிக்கற தாளை வீசாத. பின்னால எழுது. எத்தனை மணிக்குப் போச்சு, அப்பத்தான் போட்டியா இல்ல வெகு நேரமா ஓடுச்சா, யாராச்சும் மேசையில இடிச்சாங்களா, பக்கத்துல என்ன ஓடிட்டு இருந்துச்சு, இதையெல்லாம் எழுது. செவ்வாக்கெழமை 3 மணிக்கு மேல போச்சுன்னா ராகு காலம்னு எழுதி வெச்சிராத. ராகுவுக்கு ஜி31 போர்டு மேல ஒரு பகையும் கெடையாது.

எழுதறதுக்கு முந்தி ஒரு சின்னச் சோதனை. படம் போன அந்த நிமிசம் கீபோர்டுல நம் லாக் பட்டனத் தட்டு. வெளக்கு பத்தி அணைஞ்சா பொட்டி உசுரோடதான் இருக்குது, மூஞ்சியத்தான் திருப்பிக்கிட்டுது. வெளக்கு அசையலீன்னா பொட்டியே உறைஞ்சு போச்சு. அப்பறம் மானிட்டரப் பாரு. சிக்னல் இல்லைன்னு ஒரு கட்டம் போட்டு மெதக்க உட்டுதுன்னா, மானிட்டர் தன்ற சோலியச் சரியாத்தான் பாக்குது, அதுக்கு வர வேண்டியதுதான் வரலைன்னு அர்த்தம். அந்தக் கட்டங்கூட வராம முழு இருட்டுன்னா மானிட்டர் மேல சந்தேகப்படு. உன்ற தங்கச்சிக்கு ஸ்கூல்ல குடுத்த இலவச லேப்டாப்பு பரண் மேல கெடக்குமே, அதுல நீல ஓட்டை இருந்துச்சுன்னா அதைக் கொண்டாந்து இந்த மானிட்டர்ல மாட்டிப் பாரு. படம் நின்னு வந்தா மானிட்டரும் கேபிளும் யோக்கியம்னு ஆச்சு. கவருமெண்டு குடுத்ததுக்கு இப்பவாச்சும் ஒரு பிரயோசனம்.

இப்ப உன்ற தாளைப் பாப்போம். மேசைய நகத்தறப்ப, யாராச்சும் சாய்ஞ்சு நின்னு பிரிண்டு கேக்கறப்பப் போவுதுன்னு எழுதியிருந்தா அது கேபிளு. அந்த விஜிஏ தலையில மூணு வரிசையா 15 பின்னு இருக்குது, ரெண்டு பக்கமும் கையால முடுக்கற திருகாணி இருக்குது. அந்தத் திருகாணிய இத்தனை வருசத்துல ஒருக்காவாச்சும் முடுக்கியிருக்கறயா? சொருகுனா நிக்குதேன்னு உட்டிருப்பே. கேபிளு முழுசாப் போறதுக்கு முன்னால கலர்லயே சாடை காட்டும். நீலம் வர்ற பின்னு உட்டுப் போனா படம் பூரா மஞ்சளாத் தெரியும், பச்சை போனா ரோசாப்பூக் கலரு, சிவப்பு போனா நீலப் பச்சை. போன மாசம் ஒரு கல்யாணப் பத்திரிகைல மாப்பிள்ளைப் பையன் மூஞ்சி மஞ்சளாத் தெரியுதுன்னு நீ கம்ப்யூட்டர்ல கலரத் திருத்திக்கிட்டு இருந்தியே, அன்னைக்கே கேபிளு உங்கிட்டச் சொல்லிருச்சு. நீ போட்டோ புடிச்சவனத்தான் திட்டுனே. பின்னு எதாச்சும் வளைஞ்சிருக்குதான்னு பாத்து, சொருகித் திருகாணிய முடுக்கு. அதுலயும் நிக்கலீன்னா வேற கேபிளு மாத்திப் பாரு. அதுக்கு ஆவறது டீக்கடைச் செலவுதான்.

காத்தால த்ரீ பேஸ் வந்தொடனே போவுதுன்னு எழுதியிருக்குதா? அப்ப குத்தவாளி உன்ற கடைக்குள்ள இல்ல, பக்கத்துத் தோட்டத்துல. இது என்ற சோலி, நல்லாக் கேட்டுக்கோ. மோட்டாரு நேரா ஸ்டார்ட்டாவறப்ப ஓடற கரண்டப் போல 5, 6 மடங்கு இழுக்கும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வெச்சா அந்த இழுப்பு மூணுல ஒரு பங்காக் கொறையும். எத்தனை தோட்டத்துல அது வேலை செய்யுது? 230 வோல்ட்டு வர வேண்டிய லைனு அந்த நேரத்துல சடார்னு கீழ எறங்கும். ட்யூப் லைட்டு கண்ணச் சிமிட்டும், மானிட்டர் அணைஞ்சு பத்தும். இதுக்குத்தான் யுபிஎஸ் வெச்சிருக்கறேன்னு சொல்லுவே. அதுக்குள்ள இருக்கற 12 வோல்ட்டு 7 ஏஎச் பேட்டரிய எப்ப மாத்துனே? ரெண்டு மூணு வருசத்துக்கு மேல ஆயிருந்தா அது யுபிஎஸ் இல்ல, எடை கூடுன எக்ஸ்டென்சன் பாக்ஸு. பொட்டியக் கழட்டிட்டு, ஒரு குண்டு பல்ப அதுல மாட்டி எரிய உட்டு, யுபிஎஸ்ஸோட பிளக்க செவுத்துல இருந்து உருவு. பல்பு அந்த நிமிசமே அணைஞ்சா பேட்டரி காலி. கூடவே இன்னொண்ணும் பாரு. பொட்டிய யுபிஎஸ்ல சொருகிட்டு மானிட்டர நேரா செவுத்துல சொருகியிருக்கற மவராசனுகளும் நம்மூர்ல உண்டு. கரண்டு போனா பொட்டி ஓடும், படம் மட்டும் இருக்காது. அதுக்கும் மதர்போர்டுதான் போச்சும்பாங்க.

ஒரு மணி நேரம் நல்லா ஓடிட்டு, வெயில் ஏறுனப்பறம் போவுதா? சூடு. உன்ற போர்டுல படத்தைப் போடற சமாச்சாரம் தனிக் கார்டுல இல்ல, போர்டு மேலயே இருக்கற சிப்புக்குள்ள இருக்குது. அது மேல சின்னதா ஒரு ஹீட் சிங்க்கு, பிராசசர் மேல பெரிய ஹீட் சிங்க்கும் ஃபேனும். ரெண்டுக்கும் இடையில எத்தனை வருசத்துத் தூசி? வெறுந் தூசியாச்சும் ஊதுனாப் போகும். நீ வெள்ளிக்கெழம தவறாம சாம்பிராணி போடறயே, அந்தப் புகையோட பிசுக்கும் தூசியும் சேந்து கம்பளியா ஒட்டியிருக்கும். ஆயுத பூஜைக்கு பொட்டி மேல சந்தனத்த அப்பி, காத்துப் போற ஓட்டையிலயே குங்குமத்த வெச்சு, மேல பொரியக் கொட்டுனியே, அது உள்ள போயி எறும்புக்கு விருந்தாச்சு. சாமிக்குப் போட்டது சாமிக்குப் போகல, ஃபேனுக்குப் போச்சு.

சூடுதான்னு எப்புடி உறுதி பண்றது? பக்கத்து மூடியக் கழட்டிட்டு, மேசை ஃபேன அதுக்கு நேரா வெச்சு ஓட உடு. அப்பப் படம் நின்னுச்சுன்னா சந்தேகமே இல்ல. பிளக்க உருவிட்டு பிரஷ்ல தட்டி, ப்ளோயர்ல ஊது. ஊதறப்ப பிராசசர் ஃபேன வெரல்ல புடிச்சுக்கோ, இல்லீன்னா காத்துக்குத் தறிகெட்டுச் சுத்தி பேரிங்கு போயிரும். பிராசசர் ஃபேன் நாலு மூலையிலயும் பிளாஸ்டிக் ஊசி குத்தி நிக்குது பாரு, அதுல ஒண்ணு கழண்டிருந்தாக்கூட ஹீட் சிங்க்கு ஒரு பக்கம் தூக்கிரும். நாலையும் அமுத்திப் பாரு. கீழ இருக்கற பேஸ்ட்டு காய்ஞ்சு பொரிஞ்சிருந்தா சொரண்டித் தொடச்சுட்டுப் புதுசா ஒரு கடுகளவு வெய்யி. கடுகளவுன்னேன், தோசைக்கு எண்ணெ ஊத்தற அளவுன்னு சொல்லல.

இதுக்கு நேர் எதிரா, காத்தால குளுந்து கெடக்கறப்ப வராம, நாலஞ்சு தரம் போட்டு அணைச்சப்பறம் வருதா? சூடேறுனப்பறம் நல்லா ஓடுதா? அப்ப கண்டன்சரப் பாரு. இதுவும் என்ற சோலிதான், மோட்டாருக்கு நான் மாத்தாத கண்டன்சரா? போர்டுல பிராசசரச் சுத்திக் குட்டிக் குட்டி டப்பாவா நிக்கும். தலை தட்டையா இருந்தா நல்லது. உப்பியிருந்தாலோ, அடியில பழுப்பா ஒழுகியிருந்தாலோ அதோட காலம் முடிஞ்சுது. 2000-க்கு அப்பறம் சில வருசம் உள்ள ஊத்துன திரவம் சரியில்லாத கண்டன்சருக வந்து ஒலகம் பூராவும் போர்டுக உப்பிச் செத்த கதையே உண்டு. உன்றது அதுல தப்பிச்சிருந்தாலும் வயசுன்னு ஒண்ணு இருக்குதல்ல? கண்டன்சருக்கு 10 டிகிரி சூடு கொறைஞ்சா ஆயுசு ரெண்டு மடங்காகும்பாங்க. தகர ஷீட்டுக்குக் கீழ பொட்டிய வெச்சுட்டு, காத்து வாங்கற எடத்துல உன்ற சேரப் போட்டுக்கிட்டே.

எப்பப் போட்டாலும் வரல, ஃபேன் மட்டும் சுத்துதுன்னா ரேமு. ஹோட்டல் கடையில தோசைக்கல்லு தேய்க்கறவன் மாட்ட உப்புத்தாள எடுத்துத் தேய்ச்சிராத, தங்கமுலாம் பூசுன பல்லு அது. பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கிட்ட அழி ரப்பரு வாங்கி மெதுவாத் தேய்ச்சு, துணியில தொடச்சு, ரெண்டு பக்கமும் கிளிப்பு 'டக்'குன்னு சத்தம் குடுக்கற வரைக்கும் அமுத்து. வாயில ஊதாத. நீ வெத்தல போடற வாயி, காத்தோட என்னென்ன போகும்னு எனக்குத் தெரியும். ரெண்டு ரேமு இருந்தா ஒண்ணு ஒண்ணாப் போட்டு, ஸ்லாட்டு மாத்திப் பாரு.

பொட்டியே வாயத் தொறந்து சொல்லும், கேக்கத்தான் ஆளில்ல. போர்டுல ஒரு சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருந்தா, போட்டொடனே ஒரு 'பீப்'பு வரும், நல்லா இருக்கறேன்னு அர்த்தம். அவார்டு பயாஸ் இருந்தா, நிக்காம நீளமாக் கத்துனா ரேமு, ஒரு நீளமும் ரெண்டு குட்டையும்னா படம் போடற சமாச்சாரம். கம்பெனிக்குக் கம்பெனி இந்தக் கணக்கு மாறும், போர்டோட புஸ்தகத்துல இருக்கும். அந்தப் புஸ்தகத்த நீ மேசைக் காலுக்கு அண்டக் குடுத்திருக்கற, நான் பாத்தேன்.

தேதி ஒவ்வொரு காத்தாலயும் பழைய வருசத்துக்கே ஓடிப் போயி, வெப்சைட்டு தொறக்க மாட்டேங்குதுன்னா, போர்டு மேல காசு மாட்ட இருக்கற செல்லு தீந்துருச்சு. சிஆர்2032-ன்னு அதுமேலயே எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட்டு. அது செத்தா சில போர்டு படமே காட்டாம அடம் புடிக்கும். அதைய மாத்தறதுக்கும் பிளக்க உருவிட்டுத்தான் கைய வெக்கோணும்.

மானிட்டர்ல ரெண்டு செகண்டு படம் பளிச்சுன்னு வந்துட்டு இருட்டாவுதா? டார்ச்சு லைட்ட ஸ்கிரீன் மேல சாய்ச்சு அடிச்சுப் பாரு. உள்ள படம் மங்கலாத் தெரிஞ்சா, படம் இருக்குது, பின்னால எரியற வெளக்குதான் போச்சு. பொட்டி மேல ஒரு குத்தமும் இல்ல. விண்டோஸ் லோகோ வரைக்கும் வந்துட்டு அப்பறம் போவுதா? அது டிரைவரு. விண்டோஸ் 7-ல எஃப்8-அத் தட்டி சேஃப் மோடுல போயிப் பாரு, அங்க படம் நின்னா ரேமும் கேபிளும் வேலியத் தாண்டல. சரியாப் 10 நிமிசத்துக்கு ஒருக்காப் போயி, மவுசத் தொட்டா வருதா? அது நோவே இல்ல மாப்ள. நீ சும்மா இருந்தா அணைஞ்சுக்கோன்னு செட்டிங்ல இருக்குது. நீ 10 நிமிசம் சோலி பாக்காம செல்போன நோண்டறத அது கண்டுபுடிச்சிருச்சு, அவ்வளவுதான்.

கைய வெக்கக் கூடாத எடத்தையும் சொல்லிர்றேன். பொட்டிக்குக் கரண்டு குடுக்கற எஸ்எம்பிஎஸ் டப்பாவத் தொறக்காத. உள்ள 230 வோல்ட்டு டிசி-யா மாறி 325 வோல்ட்டுக்குப் பக்கத்துல நிக்கும், பிளக்க உருவுனப்பறமும் கண்டன்சர்ல சித்தெ நேரம் தங்கியிருக்கும். அது பின்னால செவப்புல ஒரு சின்ன சுவிட்சு, 115, 230-ன்னு போட்டிருந்தா அதைய எந்த வேண்டுதலுக்கும் 115 பக்கம் தள்ளாத. டப்புன்னு ஒரு சத்தம் கேக்கும், அப்பறம் படம் வரலியேங்கற வெசனமே உனக்கு இருக்காது. மானிட்டருக்குள்ளயும் அந்த வெளக்கப் பத்த வெக்க ஆயிரம் வோல்ட்டு தேவைப்படும். அதெல்லாம் தெரிஞ்சவன் கைக்கு உட்டுரு.

தெரிஞ்சவங்கிட்டக் குடுக்கறப்ப ஒண்ண ஞாபகம் வெய்யி. படம் போச்சுன்னா பைலு போச்சுன்னு அர்த்தமில்ல. ஹார்டு டிஸ்க்கு பத்திரமாக் கெடக்கும், வேற பொட்டியில மாட்டி எடுத்துக்கலாம். ஆனா கழுத்து வலின்னு போனவனுக்கு மொட்டையடிச்சு அனுப்பற மெக்கானிக்கும் இருக்கறாங்க. "எதுக்கும் ஒரு பார்மெட்டு போட்டுர்றேங்க"ம்பாங்க. வேண்டாம்னு சொல்லிட்டு வா. அடுத்த தரம் படம் வந்தொடனே, பேஸ்புக்கத் தொறக்காம மொதல்ல எல்லாத்தையும் பென்டிரைவுல ஏத்து.

இன்னொரு சட்டம். ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் மாத்தோணும். கேபிள மாத்திட்டு ஒரு நா ஓட்டிப் பாரு. நிக்கலீன்னாத்தான் ரேமுக்குப் போ. வெளிய இருந்து உள்ள, காசில்லாததுல இருந்து காசுக்கு. கேபிளு, ரேமு, செல்லு, ஃபேன் எல்லாத்தையும் ஒரே மத்தியானத்துல கழட்டி மாட்டிட்டு, 'சரியாயிருச்சு மாமா'ன்னு வந்து நின்னா, எது சரியாச்சுன்னு கேப்பேன். நீ மேலயும் கீழயும் முழிப்பே. அடுத்த மாசம் மறுக்காப் போறப்ப மறுக்கா எல்லாத்தையும் கழட்டுவே. மெக்கானிக்கு அதைத்தான் பண்றாரு, ஆனா அவருக்குக் கூலி உண்டு.

கடைசியா ஒண்ணு. நீ புதுப் பொட்டிக்குக் கைமாத்து கேக்கத்தான் இந்த வெயில்ல வந்தேன்னு உன்ற முழியே சொல்லுது. நான் முடியாதுன்னு சொல்லல. கண்டன்சர் உப்பி போர்டே போயிருந்தா, அந்த டிடிஆர்2 காலத்துப் போர்டத் தேடிப் புடிச்சு அதுக்குப் பணத்தக் கொட்டறது வெட்டிச் செலவு, புதுசே மேலு. அப்ப வா, பேசலாம். ஆனா அழி ரப்பர்லயோ திருகாணியிலயோ சரியாப் போயிருச்சுன்னா, மெக்கானிக்குக்குன்னு நீ எடுத்து வெச்ச பணம் மிச்சம்தானே? அதைய இங்க கொண்டாந்து குடுத்துரு. போன தை நோம்பிக்கு வாங்கிட்டுப் போனது இன்னும் நெலுவையில நிக்குது.